ரசனை கெட்டவனைக் கிரேக்கர்கள் எப்படித் திட்டினார்கள்?

கேள்வி இதுதான்: "'இடியட்' என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது என்கிறார்கள். ரசனை இல்லாதவன், நயம் தெரியாதவன் என்பதற்குப் பண்டைக் கிரேக்கர்கள் அந்தச் சொல்லைத்தான் வைத்திருந்தார்களா? இல்லை, வேறு சொல் உண்டா?"

முதல் பாதிக்குப் பதில் சுருக்கமானது. இல்லை. 'இடியோட்டேஸ்' என்றால் தன் பாட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பவர், அவ்வளவுதான். ஊர்ப் பதவியில் இல்லாதவர். மருத்துவர் பக்கத்தில் நிறுத்தினால் மருத்துவம் படிக்காதவர். கவிஞர் பக்கத்தில் நிறுத்தினால் உரைநடை எழுதுகிறவர். அது வசவாகக் கெட்டுப்போனது பிற்பாடு.

இரண்டாவது பாதிதான் பெரிய கதை. சொல் உண்டு. ஒன்றிரண்டல்ல, ஒரு டஜனுக்குக் குறையாது. அவற்றை வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்தச் சொற்களைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது ஒன்று கண்ணில் படும். நாம் 'ரசனை' என்கிறோம். அதற்குள் ரசம் இருக்கிறது, சுவை இருக்கிறது, நாக்கு இருக்கிறது. ரசனை கெட்டவன் என்றால் அவன் நாக்கிலேயே கோளாறு என்பதுபோலத்தான் பேசுகிறோம். கிரேக்கர்களின் வசவு பெரும்பாலும் நாக்கைப் பரிசோதிப்பதில்லை. அது ஆளின் ஜாதகத்தை விசாரிக்கிறது. எந்த ஊர்? என்ன வேலை? எந்தக் கைக்காரன்? யாரிடம் படித்தாய்? பணம் எப்போது வந்தது? ஒவ்வொரு சொல்லும் இந்தக் கேள்விகளில் ஒன்றுதான்.

ஊரிலிருந்து தொடங்கலாம். 'அக்ரோய்கோஸ்': 'அக்ரோஸ்' என்றால் வயல், 'ஒய்கோஸ்' என்றால் வீடு. வயல்வெளியில் குடியிருப்பவன். சொல்லைப் பிரித்தால் அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் ஏதென்ஸ்காரர் வாயில் அது நம்முடைய 'பட்டிக்காட்டான்' போலத்தான் விழுந்தது. இதற்கு எதிர்ச்சொல் 'அஸ்தேயோஸ்', நகரத்தைச் சேர்ந்தவன். அதற்கு நயமானவன், நகைச்சுவை தெரிந்தவன் என்ற பொருள்கள் வந்து ஒட்டிக்கொண்டன. நகரத்திலிருந்து 'நாகரிகம்' எடுத்தவர்கள் நாம். நமக்கு இது புரியாத கணக்கல்ல. இன்றைய கிரேக்கத்தில் 'அஸ்தியோ' என்றால் வெறும் ஜோக். நகரம் தேய்ந்து கடைசியில் சிரிப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இந்தப் பட்டிக்காட்டானை மிக நுணுக்கமாகப் படம் பிடித்தவர் தியோஃபிராஸ்டஸ். அரிஸ்டாட்டிலின் மாணவர், கி.மு. 322 வாக்கில் ஆசானுக்குப் பிறகு அவர் நடத்திய தத்துவப் பள்ளியின் தலைவர். தாவரவியலில் பெரிய நூல்கள் எழுதிய மனிதர், ஒரு சின்னப் புத்தகத்தில் முப்பது வகை ஆட்களைச் செடிகொடிகளை வகைப்படுத்துவதுபோலவே வகைப்படுத்தி வைத்தார். அதில் ஒருவன் அக்ரோய்கோஸ். வாற்கோதுமையும் மூலிகையும் கலந்த கஞ்சி மாதிரியான பானத்தைக் குடித்துவிட்டு அந்த வாடையோடேயே மக்கள் மன்றத்துக்குப் போவான். யாராவது முகம் சுளித்தால், வாசனைத் தைலம் மட்டும் தைம் செடியைவிட ஒசத்தியா என்பான். காலுக்குப் பெரிதான செருப்பு. பேச்சு எப்போதும் உரத்த குரலில். நண்பர்களையும் உறவினர்களையும் நம்ப மாட்டான். முக்கியமான விஷயத்தை வீட்டு அடிமைகளோடு கலந்து பேசுவான். மன்றத்தில் நடந்ததையெல்லாம் வயலில் கூலி வேலை செய்கிறவர்களிடம் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பான். நகரத்தில் எதைக் கண்டும் அசர மாட்டான். தெருவில் ஒரு மாடோ கழுதையோ ஆடோ வந்தால் மட்டும் நின்று பார்ப்பான். குளியலறையில் பாடுவான். இரவல் கொடுத்த கலப்பையோ கூடையோ அரிவாளோ நடு ராத்திரியில் நினைவுக்கு வந்தால் தூக்கம் போய்விடும், அப்போதே கேட்கக் கிளம்பிவிடுவான்.

இதைப் படிக்கும்போது எனக்கு அந்த ஆள் மேல் கோபம் வருவதில்லை. கூலிக்காரர்களிடம் அரசியல் பேசுகிறான், மாட்டை நின்று பார்க்கிறான், குளிக்கும்போது பாடுகிறான். இதில் எது குற்றம்? தியோஃபிராஸ்டஸுக்கும் உள்ளுக்குள் அவனைப் பிடித்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவருக்கு முன்பே இந்த ஆளை அரங்கில் ஏற்றியவர் நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனிஸ். கி.மு. 423-இல் மேடையேறிய 'மேகங்கள்' நாடகத்தில் ஸ்ட்ரெப்சியாடிஸ் என்ற கிராமத்துக்காரர், மெகாக்ளிஸ் என்ற பெரிய மனிதரின் குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு படும் பாட்டைச் சொல்கிறார். முதலிரவில் அவர்மேல் புது ஒயினின் கசடு வாடை, காயப்போட்ட அத்திப்பழ வாடை, ஆட்டுக் கம்பளி வாடை. அவள்மேல் தைலமும் குங்குமப்பூவும். மகன் பிறந்ததும் பெயரில் சண்டை: அவளுக்குப் பெயரில் குதிரை இருக்க வேண்டும், அதாவது 'ஹிப்போஸ்', குதிரை வளர்ப்பது பணக்காரப் பழக்கம். அவருக்கோ சிக்கனத்தைக் குறிக்கும் தாத்தா பெயர் வேண்டும். கடைசியில் 'ஃபெய்டிப்பிடிஸ்' என்று சமரசம் ஆகிறது. சிக்கனமும் குதிரையும் ஒரே பெயரில்! பையன் குதிரைப் பைத்தியமாகி அப்பாவைக் கடனில் தள்ளுகிறான். கடனிலிருந்து தப்ப வழக்காடும் சாமர்த்தியம் படிக்கப் போன இடத்தில் நாடகத்துச் சாக்ரடீஸ் அந்தக் கிழவரைப் பார்த்துக் கொட்டும் திட்டு: இப்படி ஒரு அக்ரோய்கோஸை, வழிவகை தெரியாதவனை, இடக்கையனை, மறதிக்காரனை நான் எங்கேயும் கண்டதில்லை.

அந்த அரங்கில் உட்கார்ந்து சிரித்தவர்களில் பாதிப்பேர் வயல்காட்டுக்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். கி.மு. 431-இல் ஸ்பார்ட்டாவோடு போர் மூண்டபோது சுற்றுக் கிராமங்களில் இருந்தவர்களையெல்லாம் மதிலுக்குள் வரச் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாக வயலில் வாழ்ந்தவர்கள் வீடுவாசலை விட்டுவிட்டு நகரத்துக்குள் வந்து நெருக்கியடித்துக் கிடந்தார்கள். 'அக்ரோய்கோஸ்' சூடான சொல்லானதில் ஆச்சரியமில்லை.

மேலே 'இடக்கையன்' என்று எழுதியது 'ஸ்காயோஸ்' என்ற சொல்லுக்கு. இடப்பக்கம், இடக்கை. அங்கிருந்து அபசகுனம், அங்கிருந்து பக்குவம் தெரியாதவன், எதைத் தொட்டாலும் கோணலாகச் செய்கிறவன். நம் 'பீச்சாங்கை'க்கு உள்ள மரியாதைதான் அங்கேயும். ஒரு சின்ன வேடிக்கை: இடப்பக்கத்தை நேராகச் சொல்லப் பயந்து அவர்கள் 'அரிஸ்தெரோஸ்', அதாவது 'மேலானது', என்றும் 'எவோனுமோஸ்', அதாவது 'நற்பெயருடையது', என்றும் சொன்னார்கள். பாம்பை நாம் 'நல்ல பாம்பு' என்கிற அதே சாமர்த்தியம். திட்டும்போது மட்டும் அந்த மரியாதை கிடையாது.

'ஸ்காயோஸ்' எப்படிப் புழங்கியது என்று பார்க்க அரிஸ்டோஃபனிஸின் 'குளவிகள்' நாடகத்தைத்தான் காட்டுவேன். கி.மு. 422. நீதிமன்றத்தில் ஜூரியாக உட்காருவதே பிழைப்பும் போதையுமாக இருந்த ஒரு கிழவரை மகன் பெரிய மனிதர்களின் விருந்துக்குத் தயார் செய்கிறான். முதலில் பாரசீகக் கம்பளி அங்கி. அப்பா அதை ஏதோ போர்வை என்று நினைத்துத் திமிறுகிறார். அடுத்து ஸ்பார்ட்டா பாணிச் செருப்பு. எதிரி நாட்டுத் தோலிலா என் காலை வைப்பேன் என்கிறார். ஒரு வழியாக மாட்டிவிட்ட பிறகு, சாய்ந்து படுக்கும் பாடம்: முழங்காலை நீட்டு, எண்ணெய் வழிவதுபோல மெத்தையில் வழுக்கிக்கொண்டு படு, பிறகு அங்கே இருக்கும் வெண்கலப் பாத்திரம் ஒன்றைப் புகழ், மேற்கூரையை அண்ணாந்து பார், திரைச்சீலையை வியந்து பேசு.

இப்போது ஏதாவது சொல்லப்பா, படித்தவர்கள் நடுவில் சொல்கிற மாதிரி ஒரு கதை. கிழவர் லாமியா என்ற பூதம் குசுவிட்ட கதையை ஆரம்பிக்கிறார். ஐயோ, கட்டுக்கதை வேண்டாம், மனிதர்கள் கதையாக, வீட்டில் பேசுகிற மாதிரி சொல் என்கிறான் மகன். உடனே அவர், "ஒரு ஊர்ல ஒரு எலியும் ஒரு மரநாயும்..." என்று தொடங்குகிறார். அங்கேதான் அந்தத் திட்டு விழுகிறது: "ஓ ஸ்காயே, அப்பைதெவ்தே!" இடக்கையா, படிப்பு வாசனையே இல்லாதவனே! இதில் குறும்பு என்னவென்றால், அதை மகன் தன் சொல்லாகச் சொல்லவில்லை. தியோகெனிஸ் என்பவர் சாணி அள்ளுகிறவனைத் திட்டும்போது இப்படிச் சொன்னாராம் என்று மேற்கோள் காட்டுகிறான். நயமாகத் திட்டுவதற்குக்கூட மேற்கோள்! சரி, பாடமெல்லாம் முடிந்து விருந்துக்குப் போன அப்பா என்ன ஆனார்? மூக்குமுட்டக் குடித்து, இருந்தவர்களையெல்லாம் வம்புக்கு இழுத்து, குழலூதும் பெண்ணை அங்கிருந்து கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அடுத்தது தொழில். இங்கேதான் எனக்குப் பிடிக்காத சொல் வருகிறது: 'பனௌசோஸ்'. உலை என்பதையும் மூட்டுவது என்பதையும் சேர்த்து உலை மூட்டுகிறவன் என்று பழையவர்கள் பொருள் சொன்னார்கள். இன்றைய சொல்லாய்வாளர்கள் அதை அப்படியே ஏற்பதில்லை. கொல்லன், தச்சன், செருப்புத் தைப்பவன் என்று கையால் பிழைக்கும் எல்லோரும் இதில் அடக்கம். சாக்ரடீஸின் சீடர் செனஃபோன் எழுதிய இல்லற நிர்வாக நூலில் சாக்ரடீஸ் இதற்கு ஒரு காரணம் சொல்கிறார்: நாள் முழுக்க நிழலில் உட்கார்ந்து, சிலர் நெருப்போரம் கிடந்து வேலை செய்வதால் உடம்பு கெடுகிறது, உடம்போடு மனமும் தளர்கிறது, நண்பர்களுக்கும் ஊருக்கும் செலவிட நேரமே இருப்பதில்லை. கல் தச்சரின் மகன் என்று சொல்லப்படும் சாக்ரடீஸ் வாயில் இதை வைத்திருக்கிறார் என்பதுதான் வேடிக்கை.

பிளேட்டோ இன்னும் கடுமை. தகுதியில்லாதவர்கள் தத்துவத்தில் நுழைவதைச் சொல்ல அவர் தரும் காட்சி: வழுக்கைத் தலையும் குட்டை உருவமுமாக ஒரு கொல்லன். கையில் கொஞ்சம் காசு வந்ததும், இப்போதுதான் விலங்கு கழன்று விடுதலையானவன், குளித்துவிட்டு, புதுத் துணி உடுத்தி, மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கிறான், எஜமானரின் மகளைக் கட்டிக்கொள்ள. எஜமானர் நொடித்துப்போய்விட்டார், பெண்ணுக்கு வேறு நாதியில்லை. அந்தக் குளித்த தலை, அந்தப் புதுத் துணி எல்லாம் எவ்வளவு துல்லியம் பாருங்கள். துல்லியமாக இருப்பதாலேயே கசக்கிறது.

எல்லா ஊரிலும் இப்படி இல்லை. கைத்தொழிலைத் தாழ்வாக நினைப்பது கிரேக்கர்களிடம் பொதுவாக இருந்தது, கொரிந்தியர்கள்தான் மிகக் குறைவாக இகழ்ந்தவர்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். ஆனால் இகழ்ச்சி நீண்ட நாள் வாழ்ந்தது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் சமோசாட்டா ஊர்க்காரர் லூசியன் தன் சிறுவயதுக் கதை ஒன்றைச் சொல்கிறார். மாமாவிடம் சிற்பத்தொழில் பழகப் போனார். முதல் நாளே உளியை அழுத்தி அடித்துப் பலகைக்கல்லை உடைத்துவிட்டார். அடி வாங்கி அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினார். அன்றிரவு கனவில் சிற்பமும் கல்வியும் இரண்டு பெண்களாக வந்து ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். கல்வி சொல்கிறாள்: நீ பெரும் சிற்பி ஃபிடியாஸாகவே ஆனாலும் உன் கலையை எல்லோரும் புகழ்வார்கள், ஆனால் அறிவுள்ள ஒருவனும் உன்னைப்போல ஆக வேண்டும் என்று வேண்டிக்கொள்ள மாட்டான், நீ கடைசிவரை பனௌசோஸ்தான். புளூட்டார்க்கும் ஏறக்குறைய இதையே எழுதியிருக்கிறார். ஒலிம்பியாவில் ஃபிடியாஸின் சீயுஸ் சிலையைப் பார்த்துச் சொக்கி நிற்பார்களாம். அதைச் செய்த கை மட்டும் வேண்டாமாம். ரசனை என்ற பெயரில் நடந்த அநியாயம் இது என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

இந்தச் சொல் ஜெர்மனுக்குப் போய் 'பனௌஸே' ஆகி, கலைவாசனை தெரியாத ஆள் என்ற பொருளில் இன்றும் அன்றாடம் புழங்குகிறது. அங்கே உலையும் இல்லை, கொல்லனும் இல்லை. வசவு மட்டும் குடியேறிவிட்டது.

தொழிலைச் சேர்ந்த இன்னொரு சொல் 'ஃபோர்டிகோஸ்'. 'ஃபோர்தோஸ்' என்றால் சுமை. சுமை தூக்குகிறவன் பாணியில் இருப்பது, அதாவது மட்டரகம். 'மேகங்கள்' போட்டியில் தோற்றபோது, ஃபோர்டிகோஸ் ஆட்களிடம் தோற்றுவிட்டேன் என்று அரிஸ்டோஃபனிஸ் புலம்பினார். இந்தச் சொல்லுக்குச் சிறந்த உதாரணத்தை அரிஸ்டாட்டில் தன் கவிதையியலில் தருகிறார். வட்டெறியும் காட்சிக்கு வாசிக்கும்போது தானே உருண்டு சுழலும் குழல்காரர்கள். கப்பலிலிருந்து ஆட்களைப் பிடித்திழுக்கும் ஸ்கில்லா பூதத்தைப் பற்றி வாசிக்கும்போது பக்கத்தில் நிற்கும் கோரஸ் (நாடகத்தில் பாடி ஆடும் குழு) தலைவனைப் பிடித்து இழுப்பவர்கள். சும்மா வாசித்தால் ஜனங்களுக்குப் புரியாது என்று அவர்களுக்குக் கவலை! மின்னிஸ்கோஸ் என்ற மூத்த நடிகர், மிகையாக நடித்த கல்லிப்பிடிஸை 'குரங்கு' என்றே அழைத்தாராம்.

இதோடு சேர்த்து ஒரு கிளைக்கதை. நம் ஆட்கள் 'மொக்கை', 'கடி' என்று சொல்லும் சரக்குக்குக் கிரேக்கச் சொல் 'ப்சூக்ரோஸ்', குளிர்ந்து கிடப்பது. தியோக்னிஸ் என்ற துன்பியல் கவிஞர் அவ்வளவு குளிர்ச்சி. கி.மு. 425-இல் வந்த ஒரு நாடகத்தில் திரேஸ் நாட்டுக்குப் போய்த் தாமதமாகத் திரும்பிய தூதன் சொல்லும் சாக்கு: அங்கே பனி கொட்டி ஆறெல்லாம் உறைந்துவிட்டது, சரியாக இங்கே தியோக்னிஸ் நாடகம் போட்ட சமயத்தில். உரைநடையில் இதே வியாதி அல்கிடமாஸ் என்ற பேச்சுக்கலை ஆசிரியருக்கு. வியர்வை என்று எழுத மாட்டார், 'ஈரமான வியர்வை' என்றுதான் எழுதுவார். அடைமொழியைத் தாளிதமாகத் தூவ வேண்டும், இவர் சோறாகப் பரிமாறுகிறார் என்று அரிஸ்டாட்டில் கடிந்துகொண்டார். மூலத்தில் 'ஹெதுஸ்மா', 'எதெஸ்மா' என்று எதுகையோடு வரும் அழகான அடி.

'அமூசோஸ்' இன்னொரு பக்கம்: மியூஸ் தெய்வங்களின் அருள் படாதவன். மியூஸ்களின் கலை என்றால் பாட்டு மட்டுமில்லை, கவிதை, யாழ், ஆட்டம் எல்லாம் சேர்ந்த படிப்பு. விருந்தில் யாழ் கைமாறி வரும்போது வாசிக்கத் தெரியாவிட்டால் மானம் போய்விடும். பாரசீகரை வென்ற தெமிஸ்டோக்ளிஸுக்கே அந்த அவமானம் நேர்ந்தது. யாழ் மீட்டத் தெரியாது, ஆனால் சின்ன ஊரைக் கொடுத்தால் பெரிய ஊராக்கத் தெரியும் என்று சமாளித்தார். நம் கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியாது என்றால், அவர்கள் கழுதைக்கு யாழ் தெரியாது: 'ஓனோஸ் லூராஸ்', கழுதையும் யாழும், என்ற இரண்டே சொல்லில் பழமொழி.

அமூசோஸ் பேச்சு வந்தால் நான் தவறாமல் சொல்லும் கதை ஸ்ட்ராபோவின் புவியியல் நூலில் இருக்கிறது. இயாசோஸ் என்பது இன்றைய துருக்கிக் கடற்கரையில் இருந்த ஊர். மண் வளம் கிடையாது, மீன்தான் பிழைப்பு. அங்கே ஒரு யாழ்ப்பாடகர் கச்சேரி செய்துகொண்டிருக்கிறார். மீன் சந்தை திறக்கும் மணி அடிக்கிறது. கூட்டம் மொத்தமும் எழுந்து ஓடிவிட்டது. ஒரே ஒருவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். பாடகர் நெகிழ்ந்துபோய் அவரிடம் போனார். "ஐயா, எனக்கு நீங்கள் காட்டிய மரியாதைக்கும் உங்கள் இசைப்பற்றுக்கும் ரொம்ப நன்றி. மற்ற எல்லோரும் மணிச் சத்தம் கேட்டதுமே போய்விட்டார்கள்." அந்த ஆளுக்குக் காது கொஞ்சம் மந்தம். "என்ன சொன்னீங்க, மணி அடிச்சாச்சா?" "ஆமாம்." "நல்லா இருங்க சாமி" என்று எழுந்து போய்விட்டார். ஸ்ட்ராபோ இதில் யாரையும் திட்டவில்லை. நானும் திட்ட மாட்டேன். நல்ல மீனுக்கு எழுந்து ஓடுகிறவர்களைப் புரிந்துகொள்ள முடிகிறது.

இப்போது பணம். இங்கேதான் என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் சிறந்த சொல் இருக்கிறது: 'அப்பேரோகலியா'. 'கலோன்' என்றால் அழகு, மேன்மை. 'அப்பேரோஸ்' என்றால் அனுபவமில்லாத. ஆக, அழகோடு பழகாமை. கிரேக்கத்தில் 'எல்லையில்லாத' என்பதற்கும் அதே ஒலியில் ஒரு சொல் உண்டு. படிக்கத் தொடங்கிய காலத்தில் இரண்டையும் குழப்பி இதை 'எல்லையற்ற அழகு' என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ரசனைக்கேட்டுக்கு எல்லையற்ற அழகு என்று பெயர்! அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

இந்தச் சொல்லைச் செலவு செய்யும் விஷயத்தில் வைத்து விளக்கியவர் அரிஸ்டாட்டில். தகுந்த இடத்தில் தாராளமாகச் செலவழிப்பது ஒரு குணம். அதில் ஒரு பக்கம் சறுக்கினால் கஞ்சத்தனம். மறுபக்கம் சறுக்கினால் அப்பேரோகலியா. பனௌசோஸ் என்ற அந்தத் தொழிலாளி வசவையே எடுத்து இந்தப் பணக்காரன் தலையிலும் கட்டுகிறார், அது ஒரு ஆறுதல். அவன் என்ன செய்வான்? ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டு நடத்தும் நண்பர்கள் சாப்பாட்டைக் கல்யாண விருந்துபோல நடத்துவான். நகைச்சுவை நாடகத்துக்குப் புரவலராக இருந்தால் கோரஸ்காரர்களைப் பக்கத்து ஊரான மெகாராவில் செய்கிற மாதிரி ஊதாத் துணியில் இறக்குவான். ஊதா என்பது கடல் நத்தைகளிலிருந்து துளித்துளியாக எடுத்த சாயம், விலை கேட்டால் மயக்கம் வரும். செலவு தப்பில்லை, இடம் தப்பு. நிறையச் செலவழிக்க வேண்டிய இடத்தில் கிள்ளிக் கொடுப்பான், கொஞ்சம் போதும் என்ற இடத்தில் கொட்டுவான், எல்லாம் நாலு பேர் பார்த்து வியக்க வேண்டும் என்பதற்காக.

இதையே பேச்சுக்கலை நூலில் இன்னும் கூர்மையாகச் சொல்கிறார்: புதுப்பணக்காரனாக இருப்பது என்பது பணத்தில் படிப்பில்லாமை. 'அப்பைதெவ்சியா ப்ளூதூ'. அதே பக்கத்தில் பணக்காரர்களை 'சொலோய்கோய்' என்றும் சொல்கிறார். சொலோய் என்பது இன்றைய தென் துருக்கியில், சிலிசியாவில், இருந்த ஊர். அங்கே குடியேறிய ஏதென்ஸ்காரர்கள் நாளடைவில் கிரேக்கத்தைத் தப்பும் தவறுமாகப் பேசினார்களாம். அந்த ஊர்ப்பெயரே இலக்கணப் பிழைக்குப் பெயராகி, பிறகு நடத்தைப் பிழைக்கும் பெயராகிவிட்டது. பாவம் அந்த ஊர்க்காரர்கள்.

அப்பேரோகலியாவை ஆளாகப் பார்க்க வேண்டுமானால் மறுபடி தியோஃபிராஸ்டஸிடம்தான் போக வேண்டும். அவருடைய முப்பது பேரில் ஒருவன் அற்பப் பெருமைக்காரன். ஒரு மினா (அந்தக் காலத்து வெள்ளிப் பணக் கணக்கு) கடனைத் திருப்பித் தருவதென்றால் புத்தம்புதிய காசாகவே எண்ணித் தருவான். மாட்டைப் பலி கொடுத்தால், கொம்போடு மண்டையை மாலை சுற்றி வாசலுக்கு நேரெதிரே அறைந்து வைப்பான். உள்ளே வருகிற எவனும் இவன் மாடு வெட்டியவன் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? வீட்டில் ஒரு காக்கை இனப் பறவை வளர்ப்பான், அதற்கு ஏறி விளையாட ஒரு சின்ன ஏணி வாங்குவான், அந்த ஏணியில் ஏறும்போது பிடித்துக்கொள்ள அதற்கு ஒரு குட்டி வெண்கலக் கேடயமும் செய்து வைப்பான். மெலிட்டா என்ற குட்டி இன வளர்ப்பு நாய் செத்துப்போனால் கல்லறை கட்டி, கல்லில் அதன் பெயரையும் குலத்தையும் வெட்டி வைப்பான். அந்தக் கேடயத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு நிற்பதில்லை.

நாக்கு கிரேக்க வசவில் பெரும்பாலும் வராது என்றேனே, 'பெரும்பாலும்' என்று சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. அரிஸ்டாட்டிலின் அறவியல் நூலின் கடைசிப் பகுதியில் அது வருகிறது. வெறும் பேச்சால் ஏன் பெரும்பாலோரைத் திருத்த முடியவில்லை என்று ஆராயும்போது சொல்கிறார்: அழகானது, உண்மையிலேயே இனிமையானது என்றால் என்னவென்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை, ஏனென்றால் அவர்கள் 'அகெவ்ஸ்தோய்', அதை ருசி பார்க்காதவர்கள். நாக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த நாக்கில் குறையில்லை. இலையில் இன்னும் பரிமாறவில்லை, அவ்வளவுதான். அப்பேரோகலியாவும் இதே கணக்குத்தான். ஊரையும் தொழிலையும் வைத்து ஏசும் சொற்களுக்கு நடுவில் இந்த இரண்டும் மட்டும்தான் பழகினால் சரியாகிவிடும் என்று ஒரு கதவைத் திறந்து வைக்கின்றன.

ஆக, கேட்டவருக்கு ஒரே சொல்தான் வேண்டும் என்றால் அப்பேரோகலியாவை எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆள் 'அப்பேரோகலோஸ்'. நம் பேச்சில் கொண்டுவந்தால் 'நல்லதைக் கண்டறியாதவன்' என்பது ஓரளவு கிட்டத்தில் வரும்.

அப்புறம் அந்த தியோஃபிராஸ்டஸ். அவர் ஏதென்ஸ்காரரே இல்லை. லெஸ்போஸ் தீவில் எரெசோஸ் என்ற ஊரில் பிறந்தவர். ஏதென்ஸில் வாழ்நாளைக் கழித்து, அந்த ஊர்ப் பேச்சை அந்த ஊர்க்காரர்களைவிட நன்றாகப் பேசியவர். ஒரு நாள் சந்தையில் ஒரு கிழவியிடம் ஏதோ பொருளுக்கு விலை கேட்டார். அவள் விலையைச் சொல்லிவிட்டு, "வெளியூர்க்காரரே, இதுக்குக் கீழே கட்டாது" என்றாள். இத்தனை வருஷம் இங்கேயே கிடந்தும் வெளியூர்க்காரன் என்று தெரிந்துவிட்டதே என்று அவருக்கு மனம் நொந்துபோனதாக ரோமப் பேச்சாளர் சிசரோ எழுதுகிறார். எதை வைத்துக் கண்டுபிடித்தாய் என்று கிழவியைக் கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை ரோமப் பேச்சுக்கலை ஆசிரியர் குவின்டிலியன் குறித்து வைத்திருக்கிறார்: அவர் பேசியது அளவுக்கு மிஞ்சிய ஏதென்ஸ் பேச்சாக இருந்தது.